நேபாள ரூபாய் மட்டும் ஏன் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை?

ஓசூரில் மோமோ கடை வைத்திருக்கும் நேபாளத் தம்பி, "100 ரூபாய் அனுப்பினால் ஊரில் எப்பவும் 160தான்" என்கிறார், அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான். 1993 முதல் 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். சந்தையில் மாங்காய் விலை போல தினமும் பேரம் பேசி வருவதல்ல இது. அந்நாட்டு மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கி கட்டி வைத்திருக்கும் விகிதம்.

ஆனால் "எப்பவும்" என்பது கொஞ்சம் அதிகம். 1960இலும் 1.60தான். 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ஆக இருந்த டாலர் 7.50 ஆனது. நேபாளம் அசையவில்லை. விளைவு, 100 இந்திய ரூபாய்க்குச் சுமார் 101தான் கிடைத்தது! அன்றைக்கு இங்கிருந்து பணம் அனுப்பியவர் பாடு என்னவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். 1967 கடைசியில் நேபாளமும் மதிப்பைக் குறைக்க, விகிதம் 1.35 ஆனது. அப்புறமும் சில தடவை மாற்றினார்கள்.

ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள்? எல்லை திறந்து கிடக்கிறது, அரிசி முதல் பெட்ரோல் வரை பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. விகிதம் ஆடினால் விலைவாசியும் ஆடும். அதற்காகக் கையிலுள்ள டாலரை விற்று இந்திய ரூபாய் வாங்கும் வேலையும் அந்த வங்கிக்கு உண்டு.

டாலருக்கு எதிரே கதை வேறு: நம் ரூபாய் சரிந்தால் அவர்களுடையதும் கூடவே சரியும். டாலர் இங்கே 80 என்றால் அங்கே 128.