சீட் பெல்ட்டும் கைத்துப்பாக்கியும்: பயிற்சி பற்றி

இடது பக்க ஸ்டீயரிங் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி கைத்துப்பாக்கியை எடுத்துப் பழகும்போது, பெல்ட் பூட்டு வலது இடுப்பில் உள்ள துப்பாக்கி உறையை மறைக்கிறது, எடுக்கும்போது குழல் தொடையைக் கடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் பெரிய சிக்கல். அது சரியாகும்வரை நிஜத் துப்பாக்கியைத் தொட வேண்டாம். சுடவே முடியாத பிளாஸ்டிக் பயிற்சித் துப்பாக்கி போதும். வண்டிக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. வெளியே தெரியாத இடத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள்!

முதலில் பெல்ட் மட்டும். இடது கையால் பூட்டை அழுத்தி, அப்படியே பட்டையைத் தோள் பக்கம் தள்ளிவிடுங்கள். பாதியில் விட்டால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் முன்னால் சாய்ந்து, சட்டையை விலக்கி, பிடியைப் பிடியுங்கள். நேராக மேலே இழுத்து, மார்பு உயரம் வந்த பிறகே ஸ்டீயரிங்குக்கு மேலாக முன்னே நீட்டுங்கள். அதுவரை இடது கை மார்போடு ஒட்டியிருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே. அவசரமே வேண்டாம். நிஜத்தில் யாராவது தாக்க வந்தால், வண்டி ஓடும் நிலையில் இருந்தால் ஓட்டிக்கொண்டு தப்புவதுதான் முதல் வழி.

முன்கண்ணாடி வழியாகச் சுடுவது வேறு விஷயம். கண்ணாடி சாய்ந்திருப்பதால் உள்ளிருந்து போகும் குண்டு பெரும்பாலும் குறிக்கு மேலே விலகும். அதைப் பயிற்றுநரோடு, ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்தில்), காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்புப் போட்டுக்கொண்டுதான் பழக வேண்டும்.