30 ஆயிரம் ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காட்பாடியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் தினமும் போய் வருகிறேன். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ், சாயங்காலம் எது கிடைக்கிறதோ அது. கையில் இருப்பது 1,500 ரூபாய் இயர்பட்ஸ். ஆபீஸ் நண்பர் தன் சோனி ஹெட்போனைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார், ஏசி சத்தமே காணாமல் போய்விட்டது. விலை 30 ஆயிரமாம். அம்மாவோ, "அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிட்ஜே வாங்கலாமே" என்கிறார். அவ்வளவு கொடுக்கலாமா சார்?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: உங்களுக்கு என்றால் கொடுக்கலாம். எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் பாட்டு இல்லை, அந்த ரயில்தான்.

பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் மாதிரி ஒன்றை அமைதியான அறையில் மாட்டிக்கொண்டு, அடுத்து 30 ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஹெட்போனில் அதே பாட்டைக் கேட்டால், என் காதுக்குப் பல பாட்டுகளில் ஒயர் வைத்ததுதான் தெளிவு. அப்படியானால் கூடுதல் காசு எங்கே போகிறது? பெரும்பங்கு வெளிச் சத்தத்தை அடக்குகிற வேலைக்குப் போகிறது. மிச்சம், மணிக்கணக்கில் போட்டாலும் காது வலிக்காத குஷனுக்கும், போன் பேசினால் எதிராளிக்கு நம் குரல் தெளிவாகக் கேட்கிற மைக்குக்கும்.

அடக்குகிற வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தானாகப் புரிந்துவிடும். ஹெட்போனின் வெளியிலும் உள்ளேயும் சின்னச் சின்ன மைக்குகள் இருக்கும், அவை வெளிச் சத்தத்தைப் பிடித்துக் கொடுக்க, உள்ளே இருக்கிற சிப் அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும், ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே போவதால் இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். யோசனை பழையது, 1936லேயே பால் லூயெக் என்பவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அதைக் காதில் மாட்டுகிற பொருளாக்கியதில் பெரிய பங்கு அமர் போஸுக்கு, கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு வங்காளியின் மகன். 1978ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டே கேட்கவில்லை என்று அந்தப் பயணத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வர 1989 ஆயிற்று.

ஆக, இது பிறந்ததே ஒரே மாதிரி 'உர்ர்ர்' என்று நிற்காமல் வருகிற சத்தத்துக்காகத்தான். ரயிலின் உறுமல், பஸ் இன்ஜின், ஃபேன், ஏசி, இதெல்லாம் அப்படியே தணிந்துவிடும். திடீரென்று வருகிற சத்தம், கீச்சென்ற சத்தம், பேச்சுக்குரல் இதெல்லாம் அவ்வளவு அடங்காது. வாலாஜா ரோட்டில் ஏறுகிற டீக்காரர் குரல் கேட்கும், எதிர் சீட்டுக் குழந்தை அழுதால் கேட்கும், கொஞ்சம் தூரத்தில் கேட்பது போலக் கேட்கும், அவ்வளவுதான். இன்னொன்று, நீங்கள் ஜன்னல் திறந்த பெட்டியில் போகிறவர். காற்று நேராக அந்த வெளி மைக்கில் அடித்தால் காதுக்குள் 'புஸ் புஸ்' என்று புது சத்தம் கிளம்பும். ஜன்னல் ஓரத்தை விட்டு ஓர் ஆள் தள்ளி உட்காருங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் காது. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ரயில் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள், சீசன் டிக்கெட்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம். உங்களுக்குப் போக வர வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது 83ஐத் தாண்டவே கூடாது, ஓடுகிற ரயிலில் 1,500 ரூபாய் இயர்பட்ஸை வைத்துக்கொண்டு அது கஷ்டம். பின்னணி உறுமல் அடங்கினால் பாதி வால்யூமிலேயே பாட்டு கேட்கும், செவி பிழைக்கும். ஃப்ரிட்ஜ் கணக்கு சொல்கிற அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காசுக் கணக்கும் போட்டுவிடலாம். நாளைக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள், 3 வருடம் என்றால் 3,600 மணி நேரம். 30 ஆயிரத்தை வகுத்தால் மணிக்கு 8 ரூபாய் சொச்சம். எப்போதாவது அரை மணி நேரம் பாட்டு கேட்கிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

எதை வாங்குவது? புதிதாக வந்த மாடலை வந்த மாதமே வாங்காதீர்கள். சோனியில் எக்ஸ்எம்5 2022ல் வந்தது, எக்ஸ்எம்6 2025ல். புதியது வந்ததும் பழையதன் விலை இறங்கும், காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அந்த விலை வித்தியாசத்துக்கு ஈடாகாது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், எக்ஸ்எம்5 மடங்காது, பையில் இடம் அடைக்கும். அதற்கு முந்தைய எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்6ம் மடங்கும். போஸ் குவயட்கம்ஃபர்ட் வகை தலையை இறுக்காது. சென்ஹைசர் மொமெண்டம் 4 ஒரு சார்ஜில் 60 மணி நேரம் வரை ஓடும், சார்ஜ் போட மறக்கிறவருக்கு அது வரம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம் கனம். தினம் நாலு மணி நேரம் கழுத்தில் அந்தக் கனத்தைச் சுமக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: விஐடி ஹாஸ்டலில் இருக்கிறேன். ரூம்மேட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், படிக்க முடியவில்லை. பட்ஜெட் பத்தாயிரம். எல்டாக் இருந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? கேமும் விளையாடுவேன்.
– ஒரு மாணவி, வேலூர்

பதில்: பத்தாயிரத்துக்குள் நிம்மதியாக வாங்கலாம்மா. சோனி சிஎச்720என் 192 கிராம்தான், சத்தம் அடக்குவதில் பெரிய அண்ணனை விட ஒரு படி குறைவு. ஆனால் மேலே சொன்ன மாதிரி பேச்சுக்குரலை எந்த ஹெட்போனும் முழுக்க அடக்காது, அந்த விஷயத்தில் 30 ஆயிரம் கொடுத்தாலும் ரூம்மேட்கள் கேட்பார்கள். மழைச் சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி ஒன்றை மெல்லியதாக ஓட விட்டுப் படித்துப் பாருங்கள், பேச்சு அதில் கரைந்துவிடும்.

எல்டாக் என்பது போனிலிருந்து ஹெட்போனுக்கு ஒலியை அனுப்புகிற ஒரு முறை, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். அந்த சிஎச்720என்னில் அது கிடையாது, ஐபோனிலும் கிடையாது. ஆண்ட்ராய்டில் இருந்தாலும் நூறு பேரின் வைஃபை ஓடுகிற ஹாஸ்டலில் அந்த வேகத்தில் பாட்டு அறுந்து அறுந்து வரும். யூடியூப்பில் வருவதே சுருக்கிய ஒலி, அதை எதில் அனுப்பினாலும் போனது திரும்பி வராது. இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கேமுக்கு ஒயரைச் செருகிக்கொள்ளுங்கள், ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. இருபதாயிரம் கொடுத்து வாங்கிய ஹெட்போனின் குஷன் ஒன்றரை வருடத்தில் தோல் தோலாக உரிந்து காதில் கறுப்பாக ஒட்டுகிறது. தோலைப் பற்றி எனக்குத் தெரியும், இது என்ன தோல்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: நீங்கள் சந்தேகப்பட்டது சரி, அது தோலே இல்லை. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியது, ஷூ லைனிங்கில் பார்த்திருப்பீர்கள். ஈரமும் வேர்வையும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து உரியும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில் அது சீக்கிரமே வரும். என்னுடையதும் இரண்டாவது கோடையிலேயே உரிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் வாரன்டி ஒரு வருடம்தான், குஷன் அதில் சேராது என்று கைவிரித்தார்கள், எனக்கு அது ரொம்பவே வருத்தம், ஏனென்றால் இருபது முப்பது ஆயிரம் வாங்குகிற பொருளில் வேர்வை படுகிற இடம் எது என்று செய்தவர்களுக்குத் தெரியாதா?

ஆனால் ஹெட்போனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான மாடல்களில் குஷன் கழன்று வரும், மாற்றுக் குஷன் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, துணி வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், வேர்க்காது. சத்தம் அடக்குவது கொஞ்சம் குறையலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். போட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடை, உடனே பெட்டிக்குள் வைத்து மூடாமல் அரை மணி நேரம் காற்றாட விடுங்கள்.

அப்புறம் பேட்டரி. ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடுகிற ஹெட்போனை 3,600 மணி நேரம் கேட்டாலும் 120 தடவைதான் சார்ஜ் போட்டிருப்போம், அதனால் அது தேய்ந்து போவதில்லை. லித்தியம் பேட்டரியைக் கெடுப்பது வெயில். பைக் டேங்க் பையிலும் கார் டேஷ்போர்டிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். என்னுடையது நான்காவது வருடம் பேட்டரி இறங்கியபோது, புதிது வாங்குங்கள் என்றுதான் சர்வீஸில் சொன்னார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் திறந்து மாற்றிக் கொடுத்தார், இன்றும் ஓடுகிறது.

கேள்வி: 35 ஆயிரம் ஹெட்போன் 4 ஆயிரத்துக்கு, "இம்போர்ட் ஸ்டாக்" என்று இன்ஸ்டாகிராமில் வருகிறதே?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: போலி. வாங்காதீர்கள். பெட்டி, எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், கம்பெனியின் செயலியில் இணைத்தால்தான் குட்டு வெளிப்படும். பில் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், முப்பது வருடமாக. இப்போது டிவியைச் சத்தமாக வைத்தால்தான் கேட்கிறது. தறி சத்தத்துக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கிக் கொடுக்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது?
– ஒரு மகள், குடியாத்தம்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். பணத்தைக் கையில் வைத்திருங்கள், இந்த ஹெட்போன் அப்பாவுக்கு வேண்டாம்.

தறி சத்தம் 85 டெசிபலைத் தாண்டும், பல தறிகள் சேர்ந்து ஓடுகிற கொட்டகையில் அதற்கும் மேலே. தடக் தடக்கென்று அடித்து அடித்து வருகிற சத்தம் அது, ரயில் உறுமல் மாதிரி சீராக வருவது இல்லை. எதிர் அலை போட்டு அடக்குகிற வித்தை இதில் பாதிக்கு மேல் தோற்றுவிடும். பாட்டு கேட்கச் செய்த ஹெட்போனைக் காதுப் பாதுகாப்புச் சாதனம் என்று யாரும் சோதித்துச் சான்று கொடுப்பதும் இல்லை. அதற்கென்றே காதை முழுக்க மூடுகிற இயர்மஃப் இருக்கிறது, எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கிற கடைகளில் கிடைக்கும், நல்லதே ஓரிரண்டு ஆயிரம்தான். கோடையில் அது புழுங்கினால் காதுக்குள் வைக்கிற ஃபோம் இயர்ப்ளக், ஜோடி சில ரூபாய், அமுக்கிச் சுருட்டி உள்ளே வைத்து விரிய விட வேண்டும். தறி ஓடுகிற நேரம் முழுக்கப் போட வேண்டும், நடுவில் பேசக் கழற்றினாலும் மறக்காமல் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே அப்பாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், சிஎம்சி ஆனாலும் சரி, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆனாலும் சரி. ஆடியோமெட்ரி என்று கேளுங்கள். எந்தெந்தச் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் கொடுப்பார்கள். சத்தத்தால் போன செவி திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி வைக்கலாம். சேர்த்து வைத்த பணம் அதற்கு ஆகும். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.