மோட்டார் கொட்டகையில் லினக்ஸ்

கேள்வி: வயல் மோட்டாரைக் கைப்பேசி வழியாக இயக்கும் கருவி ஒன்றைச் செய்து வருகிறோம். கணினிக்கான லினக்ஸையே அதில் பயன்படுத்தலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்று ரௌட்டர்கள், தொலைக்காட்சிகள் எனப் பலவற்றிலும் ஓடுகிறது. ஆனால் மேசைக் கணினிக்கான தொகுப்பை அப்படியே மெமரி கார்டில் ஏற்றிக் கொட்டகையில் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும்போது மின்சாரம் திடீரென்று நின்றால், கார்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதைந்து, மின்சாரம் திரும்பிய பின்னும் கருவி இயங்காமல் போகக்கூடும். எனவே சிறு கருவிகளுக்கான லினக்ஸ் தொகுப்பை உருவாக்க உதவும் பில்ட்ரூட் என்ற மென்பொருள் கொண்டு தேவையானவற்றை மட்டும் சேர்த்துச் சிறிய தொகுப்பை உருவாக்கி, இயங்குதளம் உள்ள பகுதியைப் படிக்க மட்டும் இயலுமாறு அமைத்து, மாறும் தரவுகளைத் தனிப் பகுதியில் வையுங்கள். மென்பொருள் உறைந்துவிட்டால் கருவியை மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் டைமரும் கட்டாயம் வேண்டும்.

குறித்த நேரத்துக்குள் வேலை முடிவதை உறுதிசெய்யும் நிகழ்நேர இயக்கத்துக்கான வசதி, 2024இல் வெளியான கெர்னலின் 6.12 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது; மோட்டாரை இயக்கி நிறுத்த அது தேவைப்படாது. எனினும் மோட்டார் சுருள் கருகாமல் காக்கும் பொறுப்பை லினக்ஸிடம் விடாதீர்கள். அது, மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் வேலை.

கருவியை விற்பதானால், லினக்ஸ் கெர்னலுக்கான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி, நீங்கள் மாற்றியமைத்த கெர்னலின் மூலநிரலை வாங்குபவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.