முகப்பு விளக்கினுள் நீர்த்துளி படிவது குறித்து

வண்டியின் முகப்பு விளக்கைத் திறந்து உட்சட்டத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசி, சிலிக்கான் பசையால் மூடிய பிறகு, தினமும் காலையில் உள்ளே நீர்த்துளிகள் படிவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஐயம் வண்ணத்தின் மீதன்று, பசையின் மீதுதான். பூசியபோது வினிகர் வாடை வீசியிருந்தால், தயங்காமல் அதை அகற்றிவிடுங்கள். உலரும்போது அது வெளியிடும் அசெட்டிக் அமில ஆவி, பிரதிபலிப்பானின் மெல்லிய அலுமினியப் பூச்சை மங்கச் செய்யக்கூடும், அப்பூச்சை வீட்டில் மீட்க வழியில்லை. விளிம்புப் பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புதிய பியூட்டைல் நாடாவை (ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் நாடா), இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இடைவெளியின்றிப் பதித்து, மிதமான வெப்பத்தில் இளக்கி, கவ்விகளால் அழுத்தி ஆறவிடுங்கள். அதற்கு முன்பாகப் பின்புறக் காற்றுத் துளைகளைப் பாருங்கள்; அவை பசையால் அடைபட்டிருந்தால், எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. பொருத்தியதும் ஒளியைச் சுவரின் மீது பாய்ச்சி, ஒளிக்கற்றையின் உயரத்தைச் சரிபாருங்கள்.