அறுவை சிகிச்சை மேசையிலேயே கதிர்வீச்சு: ஸ்டோமா பையைத் தவிர்க்க உதவுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் மலக்குடல் புற்றுநோய். கீமோ மாத்திரையுடன் 28 நாள் கதிர்வீச்சு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் மலம் வெளியேறத் துளையிட்டு (ஸ்டோமா), நிரந்தரமாகப் பை வைக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். சாவித்துவார (லேப்ராஸ்கோப்பி) அறுவை சிகிச்சை செய்து, மேசையில் வைத்தே கதிர்வீச்சும் கொடுத்துவிட்டால் பை தேவைப்படாது என்கிறார் இன்னொருவர். பை என்றாலே அப்பா பேச்சை மாற்றிவிடுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாவது மருத்துவர் இப்படியேதான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். பரிசோதனை அறையில் மூன்று விஷயங்களை அடுத்தடுத்துச் சொன்னால், வீட்டுக்கு வருவதற்குள் அவை ஒன்றாகக் கலந்துவிடுவது வழக்கம். பை வேண்டுமா, வயிற்றைத் திறப்பதா துளையிடுவதா, மேசையில் கதிர்வீச்சு தேவையா ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

முதலில் பை. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. உள்தசை தானாக இயங்கும். வெளித்தசை நாம் நினைத்தால் இறுகும். கட்டி வெளித்தசையையோ, இடுப்புத்தளத் தசையையோ பிடித்திருந்தால் ஆசனவாயைச் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். எத்தனை நவீனக் கருவி வந்தாலும் இது மாறாது. உள்தசையோடு நின்றிருந்தால் அதன் ஒரு பகுதியை மட்டும் நீக்கி, பெருங்குடலைக் கீழே இறக்கி ஆசனவாயோடு தைத்துவிடலாம். கட்டிக்குக் கீழே 1 செ.மீ. நல்ல திசு கிடைத்தால் பொதுவாகப் போதும். ஆகவே 4 செ.மீ. என்ற கணக்கு மட்டும் எதையும் தீர்மானிக்காது. கதிர்வீச்சுக்குப் பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும், மருத்துவரின் விரல் பரிசோதனையும்தான் பதில் சொல்லும். அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே!

சாவித்துவார முறையைப் பொறுத்தவரை, வெளியே தழும்பு சிறிதே தவிர உள்ளே வெட்டு ஒன்றேதான். மலக்குடலை, அதைச் சுற்றியுள்ள கொழுப்புறை கிழியாமல் முழுப்பொதியாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் அறுவை சிகிச்சை நிபுணர் பில் ஹீல்டு 1982-இல் இதை வலியுறுத்திய பிறகே நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஆண்களின் இடுப்புக்கூடு குறுகல். அதன் அடியாழத்தில் கேமரா வழியாகப் பார்ப்பது கண்ணால் எட்டிப் பார்ப்பதைவிடத் தெளிவு என்பது உண்மை. 2015-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், மூன்று ஆண்டு முடிவில் இரு முறையிலும் 5 சதவீதம் பேருக்கே நோய் அதே இடத்தில் திரும்பியிருந்தது. அதே ஆண்டு வெளியான வேறு இரண்டு ஆய்வுகளோ, எடுத்த திசுவின் தரத்தில் லேப்ராஸ்கோப்பி சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியாமல் போயின. கருவியைவிட, அதைப் பிடிக்கும் கைக்கு எவ்வளவு பழக்கம் என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

இனி மேசைக் கதிர்வீச்சு. கட்டியை எடுத்தபின், புற்றணு ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்தில், பெரும்பாலும் இடுப்பின் பின்சுவரிலோ பக்கச்சுவரிலோ, ஒரு குழாயைப் பதித்து ஒரே தவணையில் 10 முதல் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை பாய்ச்சுவார்கள். சிறுகுடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் கையால் ஒதுக்கி மறைத்துவிட முடிவதுதான் இதன் பெரிய லாபம். வெளியிலிருந்து கதிர் செலுத்தும்போது இந்த வசதி கிடையாது. எலக்ட்ரான் கதிர் என்றால், அது பாயும் சில நிமிடங்களுக்கு அறையிலுள்ள அனைவரும் வெளியேறிவிடுவார்கள். மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் மயக்க மருத்துவர் வெளியே திரையில் கவனித்துக்கொண்டிருப்பார். ஒரே தவணை என்பதால், அந்த 10 கிரே, பல நாள் பிரித்துக் கொடுக்கும் 20 கிரேக்கும் மேலான வலிமையோடு வேலை செய்யும். அப்பாவுக்கு ஏற்கெனவே 50 கிரே அளவில் போயிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாவித்துவார முறையையும் மேசைக் கதிர்வீச்சையும் இணைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கதிர்க் குழாய் வளையாது, பருமனும் அதிகம், சாவித்துவாரத்தில் நுழையாது. கட்டியை வெளியே எடுக்கப் போடும் சிறு வெட்டு வழியாகவோ, ஆசனவாய்ப் பக்கமிருந்தோ அதைச் செலுத்துகிறார்கள். தேர்ந்த குழுவால் முடிகிற காரியம்தான்.

ஆனால், முடியும் என்பதற்காக எல்லோருக்கும் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிரான்சில் 142 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனையில், முன்கூட்டியே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு மேசையிலும் கொடுத்ததால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையவில்லை. கட்டி பக்கத்து உறுப்பிலோ எலும்புச் சுவரிலோ ஒட்டியிருந்தால், வெட்டு விளிம்புக்கு 1 மி.மீ. கூட இடைவெளி இல்லையென்றால், அல்லது ஒருமுறை எடுத்த நோய் மீண்டும் வந்திருந்தால், அப்போது இதற்கு இடமுண்டு. விலையும் உண்டு: இடுப்பு நரம்புகள் பாதிக்கப்பட்டு காலில் வலி, மரத்துப்போதல், பலவீனம் வரலாம், சிறுநீர்க்குழாய் சுருங்கலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். மேலும், இந்தக் கதிர் விளிம்பைத்தான் காக்கிறது. நோய் பிடித்துவிட்ட சுருக்குத் தசையை மீட்டுத் தராது.

அவசரம் வேண்டாம். கதிர்வீச்சு முடிந்து பொதுவாக 6 முதல் 12 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வார்கள். உங்கள் கையில் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. புதிய எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ, ஸ்கேன் மருத்துவர்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளித்தசை தப்பியிருக்கிறதா, விளிம்பு இடைவெளி எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சிலருக்குக் கட்டி முழுதாகவே கரைந்துபோயிருக்கும். அவர்களை உடனே அறுக்காமல், கண்டிப்பான தொடர் பரிசோதனையில் வைத்துக் காத்திருக்கும் வழியும் இருக்கிறது.

அப்பாவிடம் பையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஆசனவாயைக் காப்பாற்றினாலும், தையல் ஆறும் வரை சில மாதங்களுக்குத் தற்காலிகப் பை பெரும்பாலும் இருக்கும். அதை மூடியபின் நாளுக்குப் பலமுறை கழிவறைக்கு ஓடுவதும், அடக்க முடியாமல் போவதும் சிலருக்கு நீண்ட காலம் தொல்லை தரும். நிரந்தரப் பையோடு நிம்மதியாக நடமாடுகிறவர்களையும் நான் பார்க்கிறேன், பையில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறத் தயங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஸ்டோமா செவிலியரிடம் அவரை அழைத்துப் போங்கள். படுக்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்த்து, வயிற்று மடிப்பும் பெல்ட்டும் படாத, அவர் கண்ணுக்கே தெரிகிற இடமாகப் பேனாவால் குறித்துவைப்பார். பேச்சை மாற்றும் உங்கள் அப்பா, தன் கேள்விகளை அவரிடம் கேட்கக்கூடும்.