அந்த அப்பா என்ன சொன்னார்?

கேள்வி: நான் 4 வருடமாகத் திருமண வீடியோ எடுக்கிறேன். மூன்று கேமரா, கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) எல்லாம் இருக்கிறது. டீசரை எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் முழு வீடியோவை ஒரு தடவைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு திருமணத்தில், மேடை ஓரத்தில் மணப்பெண்ணின் அப்பா மகளை அணைத்துக்கொண்டு அழுததை ஸ்லோமோஷனில், நல்ல பாட்டோடு கொடுத்தேன். பார்த்தவர்கள் கண்கலங்கிவிட்டார்கள். (அந்தப் பெண் மட்டும் 'அப்பா பேசியது கேட்கவில்லையே' என்றார். பின்னால் ஒரே இரைச்சல், அதனால் ஒலியை நீக்கிவிட்டேன்.) மனதில் நிற்கும் காட்சிகளை இன்னும் நிறைய எடுக்க என்ன செய்யலாம்? கடன் வாங்கிப் புதுக் கேமராவும் ட்ரோனும் வாங்கட்டுமா? இடம் போதாமல் பழைய ஃபைல்களை 3 மாதத்தில் அழிக்கிறேன். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கேமராவை அப்புறம் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அந்த இடத்துக்கு வாருங்கள்.

மகளின் திருமணம் முடிந்த கையோடு ஒரு அப்பா அவளை ஓரமாக அழைத்துப் பேசுகிறார். பல அப்பாக்கள் பேசத் தெரியாதவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள், ஆனால் பாசத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு மனிதர் அன்றைக்கு வாய் திறந்தார். நீங்கள் அதை மியூட் செய்துவிட்டு, யாரோ பாடிய பாட்டை அங்கே வைத்தீர்கள். அந்தப் பெண் கேட்ட பிறகும் உங்களுக்கு உறைக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள் என்கிறீர்கள். அவர்கள் யார்? அவர்களுக்கு அவர் அப்பாவா? யாருக்காக அந்த வீடியோவை எடுத்தீர்களோ, அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் 20 வருடம் கழித்து அந்த அப்பா இருப்பாரோ இல்லையோ. அவர் முகம் நூறு போட்டோவில் இருக்கும். குரல் எத்தனை இடத்தில் இருக்கும்? காசு வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறவருக்கு அந்தக் குடும்பத்திடம் கடமை இருக்கிறது. டீசரைப் பார்த்து லைக் போடுகிறவர்களுக்கு நீங்கள் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.

அப்புறம் அந்த இரைச்சல். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். சித்தியின் சிரிப்பு, பெயர் சொல்லி யாரையோ கூப்பிடும் மாமா, தூக்கம் வந்து அழும் குழந்தை, எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு அது இரைச்சல் இல்லை. முழு வீடியோவை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்களே, எப்படிப் பார்ப்பார்கள்? அதில் அவர்கள் வாயசைக்கிறார்கள், அவர்கள் குரல் இல்லை.

நல்லவேளை, 'நீக்கிவிட்டேன்' என்று எழுதியிருப்பதால் ஒலி பதிவாகியிருக்கிறது. போன மாதத் திருமணம் என்றால் மூல ஃபைலும் இன்னும் இருக்க வேண்டும். இன்றைக்கே தேடி எடுத்து, வேறு ஒரு டிஸ்கில் பிரதி வையுங்கள். எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கும். அளவோடு குறையுங்கள், அழுத்தினால் குரல் தகரம் தட்டுவது போல ஆகிவிடும். ஒன்றிரண்டு சொற்கள் தெளியவில்லை என்றால் அந்தப் பெண்ணிடமே கேட்டு, கீழே எழுத்தாகப் போடுங்கள். பாட்டு வேண்டாம், சாதாரண வேகத்தில் அப்படியே கொடுங்கள். அவருடைய அப்பாவுக்கும் ஒரு பிரதி போகட்டும். இதற்குத் தனியாகப் பணம் கேட்காதீர்கள்.

ஸ்லோமோஷனை நான் வெறுக்கவில்லை. நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் 3 நொடி அணைப்பு 15 நொடியாக விரியும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பல கேமராக்களில் ஸ்லோமோஷன் மோடைப் போட்டதுமே ஒலிப்பதிவு நின்றுவிடும். அதனால் யாராவது வாய் திறந்து பேசும்போது அதைத் தொடாதீர்கள். பூ விழுவதை எடுங்கள், முந்தானை பறப்பதை எடுங்கள்.

கேமராவில் இருக்கும் மைக்கை மட்டும் நம்பாதீர்கள். மாப்பிள்ளை சட்டையில் ஒரு சின்ன மைக், மணமக்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டர், மேடை மைக்குகளின் ஒலியைச் சேர்த்துத் தரும் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு லைன், இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான பேச்சு கிடைத்துவிடும். '32 பிட் ஃப்ளோட்' என்ற முறையில் பதியும் ரெக்கார்டர் கிடைத்தால், திடீரென்று யாராவது சத்தமாகப் பேசினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சட்டையில் மைக் மாட்டும்போது அது ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். புருஷன் பெண்டாட்டி தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அதில் விழும். அவர்கள் கேட்டுச் சரி என்று சொல்லாமல் அந்தப் பேச்சு வெளியே வரக்கூடாது.

மூன்று கேமராவும் மணமக்களையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றை அகலக் கோணத்தில் டிரைபாடில் நிறுத்தி, கடைசிவரை அணைக்காமல் விடுங்கள். இன்னொன்று அவர்களோடு இருக்கட்டும். மூன்றாவது பெற்றவர்கள் பக்கம் திரும்பட்டும், அதுவும் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 மில்லிமீட்டர் லென்ஸோடு, தள்ளி நின்று. கேமரா தள்ளி இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிடுவார்கள். சடங்கு முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதற்கு அப்புறம்தான் நடக்கும். தவறவிட்டதை 'இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். அவர்கள் நடிகர்கள் இல்லை.

எந்த முகத்தைப் பார்ப்பது என்று அன்றைக்குப் போய் யோசித்தால் காரியம் நடக்காது. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு வீட்டாரோடும் அரைமணி நேரம் உட்காருங்கள். பெண்ணை வளர்த்தது யார், உடம்பு முடியாமல் வரப்போகிறவர் யார், பல வருடமாகப் பேசாமல் இருந்து இப்போது வருகிறவர் யார் என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் ஒரே கூரைக்குக் கீழ் கூடும் நாள் அடிக்கடி வராது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் நீங்களாகத்தான் போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், கேமரா ஓடட்டும்.

பழைய ஃபைல் விஷயம். இடம் இல்லை என்றால் டிஸ்க் வாங்குங்கள், அல்லது வாடிக்கையாளரையே ஒரு டிஸ்க் வாங்கித் தரச்சொல்லி மூல ஃபைல் முழுவதையும் அதில் கொடுத்துவிடுங்கள். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அழிப்பதற்கு முன்னால் சொல்லி, 'கிடைத்துவிட்டது' என்று பதில் வந்த பிறகு அழியுங்கள். கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட முடிந்தால், எடுக்கும்போதே இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியும்படி கேமராவை அமைத்துவிடுங்கள்.

கடன் வாங்க வேண்டாம். மூன்று கேமரா வைத்திருப்பவருக்கு நான்காவது எதற்கு? ட்ரோன் வேண்டும் என்று கேட்கும் வீட்டுக்கு அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். கையில் இருக்கும் பணத்தில் நல்ல மைக் இரண்டும் ஒரு ரெக்கார்டரும் வாங்குங்கள். அடுத்த திருமணத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு விசேஷத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பழகிக்கொள்ளுங்கள்.