விசிறி பூட்டிய விமானம் பழசா? பலாலியில் ஏறுமுன் ஒரு கணக்கு

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அம்மாவின் கண் சிகிச்சைக்காக இங்குள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அடிக்கடி போகிறோம். விசிறி பூட்டிய சின்ன விமானம். அது பழைய தொழில்நுட்பம், புகை அதிகம் என்கிறான் மகன். கொழும்புக்குப் போய் ஜெட் விமானத்தில் போவது நல்லதா? மின்சார விமானம் எங்கள் பக்கம் எப்போது வரும்?"

உங்கள் மகன் இதை யோசிப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் விசிறியைப் பார்த்து அவர் எடுத்த முடிவு பிழை.

நீங்கள் ஏறும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் அந்த விசிறியைச் சுழற்றுவதும் ஜெட் குடும்பத்து எஞ்சின்தான். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருள் குறையும். கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் கூடும். பெரிய விசிறி இதில் முதலாவதைத்தான் செய்கிறது. அதே அளவு ஜெட் விமானத்தைவிட 45 சதவீதம் வரை குறைந்த கரியமிலவாயு என்பது தயாரிப்பாளரின் கணக்கு. வேகம் குறைவுதான். ஆனால் பலாலிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர்; இந்தத் தூரத்தில் ஜெட் மிச்சம் பிடித்துத் தருவது சில நிமிடங்களே. இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள்: சி.எப்.எம். நிறுவனம் 2021இல் அறிவித்த ரைஸ் என்ற எதிர்கால எஞ்சின் திட்டத்தில் விசிறிக்கு வெளியுறையே இல்லை. எரிபொருளை 20 சதவீதத்துக்கு மேல் குறைப்பது அதன் இலக்கு. புதுசு என்று வருவதே திறந்த விசிறிதான்.

உயரத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. பெரிய ஜெட்டுகள் வானத்தில் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகள் பனித்துகள்கள். அவை பூமியின் வெப்பத்தை, முக்கியமாக இரவில், வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேல் போகாது. நம் பக்கத்து வானத்தில் அந்த உயரத்தில் அப்படிக் கோடு விழும் அளவுக்குக் குளிர் இல்லை.

ஆக, கொழும்பு வழி வேண்டாம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குத் தெற்கு நோக்கிப் போய், பிறகு ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் பக்கத்தாலேயே திரும்ப வடக்கே பறப்பதில் எந்த இலாபமும் கிடையாது.

சரி, மின்சார விமானம்? போரின்போது பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். விமான எரிபொருளும் அந்த மண்ணெண்ணெய்க் குடும்பம்தான். ஒரு கிலோவில் சுமார் 12 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. இன்றைய நல்ல பற்றரி ஒரு கிலோவில் கால் கிலோவாட் மணிதான். மின்மோட்டார் சக்தியை வீணாக்குவது மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்கூட, 1 தொன் எரிபொருளுக்குப் பதிலாக ஏறத்தாழ 15 தொன் பற்றரி ஏற்ற வேண்டும். ஏ.டி.ஆர். 72 தன் சொந்த எடை, பயணிகள், சாமான் எல்லாவற்றோடும் சேர்த்துத் தூக்கக்கூடிய மொத்த எடையே 23 தொன். அப்புறம், எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். பற்றரி கடைசிவரை அதே பாரம்.

ஐரோப்பாவில் 2020இல் முதன்முதலாகச் சான்றிதழ் பெற்ற மின்சார விமானம் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம்தான். சுவீடனில் தொடங்கிய ஹார்ட் ஏரோஸ்பேஸ் 30 இருக்கை விமானம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறது: முழு மின்சாரத்தில் 200 கிலோமீற்றர், எரிபொருளும் மின்சாரமும் சேர்ந்த கலப்பு முறையில் 400. பலாலியிலிருந்து திருச்சி சுமார் 185 கிலோமீற்றர் என்பதைக் கவனியுங்கள்! என்றாலும் மாற்று விமான நிலையத்துக்குப் போகும் அளவு சக்தியையும் கையிருப்பில் வைத்திருப்பது கட்டாயம். அதனால் திருச்சிக்குக்கூட முதலில் வரக்கூடியது கலப்பு விமானம் என்பதே என் மதிப்பீடு.

அதற்கு முன் வரக்கூடியது எரிபொருள் மாற்றம். பொரித்த எண்ணெய்க் கழிவு, பயிர்க் கழிவு போன்றவற்றிலிருந்து செய்யும் எரிபொருள், உற்பத்தி முதல் எரிவது வரை கணக்கிட்டால் கரிமத்தை 80 சதவீதம் வரை குறைக்கும். 2022 யூனில் சுவீடனில் இரண்டு எஞ்சின்களிலும் இதையே முழுமையாக ஊற்றி ஏ.டி.ஆர். 72 பறந்தது. விமானம் தயார். எண்ணெய்தான் போதாது: 2024இல் உலக விமான எரிபொருளில் இதன் பங்கு 0.3 சதவீதம்.

வான்போக்குவரத்தில் மிச்சம் பிடிப்பதற்கு இதையெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் நெரிசலான நேரம் விமானம் கடலுக்கு மேல் வட்டமடித்ததைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்க வீண் எரிபொருள். இறங்கும் வரிசையைக் கணினி முன்கூட்டியே கணக்கிட்டால், வழியிலேயே வேகத்தைக் குறைத்து வந்து நேரே இறங்கலாம். படிப்படியாக இறங்கி ஒவ்வொரு படியிலும் எஞ்சினை முறுக்காமல், ஒரே சரிவாக வழுக்கி வருவதும் நல்ல மிச்சம். சின்ன ஓடுபாதைகளுக்குச் செய்மதி வழிகாட்டல் பெரிய உதவி. 2022 ஏப்ரலில் இந்தியாவின் ககன் என்ற செய்மதி வழிகாட்டல் முறையைப் பயன்படுத்தி ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இறங்கியதும் ஓர் ஏ.டி.ஆர். 72தான்.

உங்கள் கையில் இருப்பது பாரம். புழுக்கொடியலும் பனங்கட்டியும் உறவுக்காரருக்குக் கட்டாயம் கொண்டுபோங்கள்; சென்னையில் வாங்கக்கூடியதைச் சுமக்காதீர்கள். அம்மாவின் பரிசோதனை நாட்களை வைத்தியரிடம் கேட்டு ஒன்றாகச் சேர்க்க முடிந்தால், ஒரு பயணமே குறையும். அவருக்கும் அலைச்சல் இல்லை.